உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாறியபின் கருந்திரை, தமிழ்99 சிக்கல், அச்சு வராமை, திடீர் உறைவு: எதை முதலில் பார்ப்பது?

மண்டபம்_கோயில்வாடி:

அனைவருக்கும் வணக்கம். மண்டபம் கோயில்வாடிப் பக்கம் விசைப்படகுகளுக்கு ஐஸ், கயிறு, படகுச் சாமான்கள் ஆகியவற்றைப் பற்று வைத்துக் கொடுக்கும் ஒரு கடையின் கணக்குக் கணினியை நான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு (லினக்ஸ் இயக்குதளம்) 18.04 காலத்தில், வட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டி நிறுவிய மேசைக் கணினி அது. பிறகு 20.04, 22.04 என்று படிப்படியாக ஏறி வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் கரையில் நிற்கின்றன, கடையிலும் வரவு செலவு குறைவு. அந்த இடைவெளியில் 24.04-க்கு மாற்றிவிடலாம் என்று தொடங்கினேன். பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) இறக்கி முடித்து நிறுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டர் பேட்டரியும் கைகொடுக்கவில்லை.

இப்போது கணினி வட்டின் கடவுச்சொல்லைக் கேட்கிறது, உபுண்டு முத்திரையைக் காட்டுகிறது, அதன்பின் திரை கறுத்து, மேல் மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் வருகிறது, அதில் உள்நுழையவும் முடிகிறது. செயலி இன்டெல் ஐ3, மூன்றாம் தலைமுறை. என்விடியா ஜிடி 710 வரைகலை அட்டை செருகியிருக்கிறது. படகுவாரிப் பற்றுக் கணக்கு முழுவதும் லிப்ரேஆபிஸ் கோப்புகளாக இதிலேயே உள்ளது. தடைக்காலம் முடிந்து படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குக் கிளம்பும் நாளில் இந்தக் கணினி ஓடியே ஆகவேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

கீழக்கரையார்:

தம்பி, பழுது பார்க்க என்னிடம் வரும் கணினிப் பெட்டிகளில் இப்படிப் பாதியில் நின்றதை நான் தோண்டிக்கொண்டிருப்பதில்லை. லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவில்) ஏற்றி, கோப்பு மேலாளரில் அந்த வட்டைச் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும். திறந்ததும் கணக்கை வெளி வட்டுக்கு எடுத்துக்கொண்டு, 24.04-ஐப் புதிதாக நிறுவிவிடுங்கள். மாலைக்குள் வேலை முடிந்துவிடும்.

தொண்டித்துறை:

கீழக்கரையார் சொன்னதில் முதற்பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். எதைத் தொடுவதற்கு முன்பும் லைவ் யூஎஸ்பி வழியாகக் கணக்குக் கோப்புகளை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் அவற்றில் ஒன்றிரண்டைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நான் கணக்கில் கொள்வதில்லை.

புதிதாக நிறுவுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பாதியில் நின்ற மேம்படுத்தல் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய நிலையிலேயே இருக்கும், ஏனெனில் எந்தப் பொதி பிரிக்கப்பட்டது, எது அமைக்கப்படாமல் நிற்கிறது என்பதை பொதிகளை நிறுவும் டிபிகேஜி கருவி தன் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறது. தவிரவும், என்ன கெட்டது என்று தெரியாமலே துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினால், பழுது மென்பொருளில் இல்லாதபோது அது அப்படியே உங்களோடு புது நிறுவலுக்கும் வந்து சேரும். எனவே ஒவ்வொரு அறிகுறியையும் தனித்தனியாக எடுத்து, அது மேம்படுத்தலுக்கு முன்பே இருந்ததா, பின்னர் வந்ததா என்று முதலில் கேட்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே முடிச்சாக எண்ணி அவிழ்க்கப் போனால் எதுவும் அவிழாது.

முதலில் பொதிகளின் நிலையைப் பார்ப்போம். தொடங்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தி (பழைய பயோஸ் கணினியாயின் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு) கிரப் எனும் தொடக்கப் பட்டியலுக்குப் போய், மேம்பட்ட தெரிவுகளில், இயக்குதளத்தின் கருவான கர்னலின் பழைய 5.15 பதிப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். எழுத்து முனையத்தில் உள்நுழைந்து, 'யூநேம் -ஆர்' கொடுத்து ஓடுவது எந்தக் கர்னல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 'டிஎஃப் -எச் /பூட்' கொடுங்கள். வட்டைப் பூட்டி நிறுவியிருப்பதால் கணினியைத் தொடங்கும் கோப்புகள் உள்ள /பூட் உங்களுக்குத் தனிப் பகுதியாக இருக்கும், 18.04 காலத்து நிறுவலில் அது ஏறத்தாழ 700 எம்பிதான். என்விடியா மாட்யூல்கள் (கர்னலில் சேரும் இயக்கித் துண்டுகள்) சேர்ந்தால், தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஒன்றே நூறு எம்பியைத் தாண்டிவிடும். பழைய கர்னல்கள் நீக்கப்படாமல் நிற்கும் இடத்தில் 6.8 கர்னலும் வந்து உட்கார்ந்தால் இடம் போதாது. எனக்கு ஐயம் அங்கேதான். அந்த இரண்டின் விடையையும், 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்தபோது இறுதியில் வரும் சில வரிகளையும் இங்கே எழுதுங்கள்.

மண்டபம்_கோயில்வாடி:

கணக்குக் கோப்புகளை எடுத்து, வீட்டு மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட்டேன், சரியாக உள்ளன. பழைய கர்னலில் ஏற்றினேன். /பூட் பகுதி நூறு விழுக்காடு நிரம்பியிருக்கிறது. அதில் 5.15 வரிசைக் கர்னல்கள் மூன்றும் 6.8 ஒன்றும் உள்ளன. ஒரு பழைய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பின் பெயர் முடிவில் '.நியூ' என்று ஒட்டியிருக்கிறது. டிபிகேஜி கட்டளை சிறிது தூரம் ஓடி, சாதனத்தில் இடமில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்தால் சார்புகள் நிறைவேறவில்லை என்று அதுவும் மறுக்கிறது. ஒன்று இன்னொன்றைக் கைகாட்டுகிறது, எதை நம்புவது என்று தெரியவில்லை.

தொண்டித்துறை:

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. முடிவில் '.நியூ' என்று நிற்பது, இனிட்ராம்எஃப்எஸ் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதால் எஞ்சிய அரைகுறைக் கோப்பு. அதைத் தயங்காமல் நீக்கலாம். அதன்பின்னும் இடம் போதாவிட்டால், மூன்று 5.15 கர்னல்களில் மிகப் பழையதன் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை மட்டும் உங்கள் இல்லக் கோப்புறைக்கு நகர்த்தி வையுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுடைய கோப்பைத் தொடக்கூடாது, 'யூநேம்' விடையைக் குறித்துக்கொள்ளச் சொன்னது அதற்காகத்தான். அழிக்காமல் நகர்த்தச் சொல்வது, தவறான கோப்பைத் தொட்டுவிட்டாலும் திருப்பி வைக்க வழி இருக்கவேண்டும் என்பதற்காக.

இடம் கிடைத்ததும் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அடுத்து 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்', அதன்பின் 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' என்ற வரிசையில் செல்லுங்கள். எழுத்து முனையத்தில் வைஃபை எழாவிட்டால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து இணையப் பகிர்வை இயக்குங்கள். அது கம்பி வலைப்பின்னலாகவே கணினிக்குத் தெரியும், தனி இயக்கி தேவைப்படாது. நடுவில் ஏதேனும் அமைவுக் கோப்பை மாற்றவா, பழையதை வைக்கவா என்று கேட்டால், நீங்கள் கைவைத்துத் திருத்திய கோப்பாக இல்லாதவரை புதியதை ஏற்றுக்கொள்ளலாம். எல்லாம் முடிந்தபின் 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' பழைய கர்னல்களை முறைப்படி எடுத்துவிடும்.

கடைசியாக, கர்னலுக்கு ஏற்ப இயக்கி மாட்யூல்களைக் கட்டும் டிகேஎம்எஸ் கருவியிடம் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். என்விடியா 470 என்ற வரிக்கு நேரே 6.8 கர்னலும், நிறுவப்பட்டது என்ற சொல்லும் வரவேண்டும். வராவிட்டால், மாட்யூல் கட்டத் தேவையான கர்னல் தலைப்புக் கோப்புகள் பெரும்பாலும் இல்லை என்று பொருள். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் பொதியை நிறுவி, 470 இயக்கியை மறுநிறுவல் செய்யுங்கள். கருந்திரைக்குக் காரணம் இதுவாகவே இருக்கவேண்டும்: புதிய கர்னலுக்கு என்விடியா மாட்யூல் கட்டப்படவில்லை, அதேவேளை நூவோ என்னும் திறமூல இயக்கியை என்விடியாவின் பொதி தடைப்பட்டியலில் போட்டு வைத்திருக்கிறது. ஆக, திரையைக் கையில் எடுக்க இரண்டு இயக்கியுமே இல்லை.

சாயல்குடி_மாணவன்:

இடையில் ஒரு கேள்வி கேட்கலாமா? என் மடிக்கணினியில் 22.04 உள்ளது. நானும் இப்போதே 24.04-க்குப் போகவேண்டுமா?

தொண்டித்துறை:

அவசரமில்லை. 22.04-க்கு வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரல் வரை இருக்கிறது. போவதானால் /பூட் பகுதியில் இடம் பார்த்து, மடிக்கணினியை மின்சாரத்தில் செருகி, பேட்டரியும் நிறைந்திருக்கும்போது போங்கள்.

மண்டபம்_கோயில்வாடி:

மேசைத்தளம் வந்துவிட்டது! நீங்கள் சொன்னபடியே தலைப்புக் கோப்புகள் இல்லாமல் நின்றிருக்கிறது. அவற்றை நிறுவி, இயக்கியை மறுநிறுவல் செய்ததும் 6.8 கர்னலிலேயே திரை எழுந்தது. வேலண்ட் (புதிய திரைக்காட்சி முறை) அமர்வில் சாளரங்கள் சற்றே துடிக்கின்றன. உள்நுழைவுத் திரையின் சக்கர அடையாளத்தில் பழைய முறையான 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் துடிப்பு இல்லை.

இன்னும் மூன்று குறைகள் எஞ்சியுள்ளன. முதலாவது, தமிழ்99 விசைப்பலகை. பட்டியலில் தமிழ் என்று இருக்கிறது, எழுத்தும் விழுகிறது, ஆனால் 'பக்கம்' என்று தட்டினால் 'பககம்' என்று நடுவில் புள்ளி இல்லாமல் நிற்கிறது. இரண்டாவது, லேசர் அச்சுப்பொறிக்கு வேலை அனுப்பினால் முடிந்தது என்று காட்டுகிறது, தாள் மட்டும் வெளியே வருவதில்லை. மூன்றாவது குறைதான் என்னைக் கலங்கடிக்கிறது: வேலை செய்துகொண்டிருக்கும்போதே கணினி சிறிது நேரம் அப்படியே உறைந்து நின்று, பிறகு தானே நகர்கிறது. மேம்படுத்தல் முழுதாகத் தேறவில்லையோ என்று தோன்றுகிறது.

தேவிபட்டினத்து_ஆசிரியை:

தமிழ் உள்ளீட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பள்ளியில் இதே குழப்பம் எங்களுக்கும் வந்தது.

அமைப்புகளில் உள்ளீட்டு மூலங்களைச் சேர்க்கும்போது தமிழ்நெட் 99, தமிழ்99 என்ற பெயர்களில் இருவகைப் பதிவுகள் தென்படும். ஒன்று எக்ஸ்கேபி என்னும் விசை வரைபடத்திலிருந்து வருவது. அதில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதோடு சரி, முன்னே என்ன தட்டப்பட்டது என்பதை அது நினைவில் வைத்திருக்காது. மற்றொன்று ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் தொகுப்பு தருவது. 1999-இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விதிகளின்படி, ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குத் தானே புள்ளி இடுவது இந்த இரண்டாவது வகைதான். உங்கள் மேம்படுத்தல் நின்ற இடத்தில் ஐபஸ்-எம்17என் பொதி அமைக்கப்படாமலோ நீக்கப்பட்டோ போயிருக்கும், அதனால் பட்டியலில் எக்ஸ்கேபி வகை மட்டும் எஞ்சியிருக்கும். ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, பழைய பதிவை நீக்கிவிட்டு, எம்17என் என்று அடைப்புக்குள் குறிப்பிட்டிருக்கும் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் உரைத் தொகுப்பியில் தமிழ் ஒழுங்காக விழுந்து, லிப்ரேஆபிஸில் மட்டும் தடுமாறினால், லிப்ரேஆபிஸ்-ஜிடிகே3 பொதி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாதபோது லிப்ரேஆபிஸ் வேறொரு இடைமுகத்தில் எழும், ஐபஸோடு சரியாக இணையாது. பொத்தான்களெல்லாம் பழங்காலத்துத் தோற்றத்தில் தென்பட்டால் அதுவே அடையாளம்.

தொண்டித்துறை:

அச்சுப்பொறி எச்பி லேசர்ஜெட் 1020 வகையைச் சேர்ந்ததா? இந்த வட்டாரத்து ஜெராக்ஸ் கடைகளில் அதுதான் அதிகம் தென்படுகிறது என்பதால் கேட்கிறேன். அந்த வகை தனக்குத் தேவையான ஃபர்ம்வேரை, அதாவது உள்மென்பொருளை, தன்னுள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினிதான் அதை ஊட்டவேண்டும். அதைச் செய்வது எச்பிலிப் என்ற மென்பொருளின் தனிச் செருகுநிரல். செருகுநிரலின் பதிப்பு எண்ணும் எச்பிலிப்பின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது ஏற்கும். மேம்படுத்தலில் எச்பிலிப் மாறிவிட்டது, செருகுநிரல் பழையதாகவே நிற்கிறது. முனையத்தில் 'எச்பி-பிளக்கின்' கட்டளையைக் கொடுத்துப் புதியதை இறக்கிக்கொண்டு, அச்சுப்பொறியை அணைத்து இயக்குங்கள். அதே கணினியில் ஃபூ2இசட்ஜேஎஸ் இயக்கியும் நிறுவப்பட்டிருந்தால் இரண்டில் ஒன்றை நீக்கிவிடுங்கள், இரண்டும் ஒரே அச்சுப்பொறிக்குப் போட்டியிடும்.

உறைவதைப் பற்றி ஊகிக்க விரும்பவில்லை. அடுத்த முறை உறைந்து மீண்டவுடன் 'ஜர்னல்சிடிஎல் -கே' கொடுத்துக் கர்னலின் நிகழ்வுப் பதிவைத் திறந்து, அந்த நேரத்து வரிகளை அப்படியே எழுதுங்கள்.

மண்டபம்_கோயில்வாடி:

ஆசிரியை அவர்களுக்கு மிக்க நன்றி. இரண்டு பொதிகளுமே விடுபட்டிருந்தன. இப்போது கணக்குத் தாளில் 'பற்று', 'பாக்கி' எல்லாம் புள்ளியோடு விழுகின்றன. அச்சுப்பொறியும் நீங்கள் ஊகித்த அதே வகைதான், செருகுநிரலைப் புதுப்பித்ததும் தாள் வந்துவிட்டது.

உறைந்த நேரத்து வரிகளில் திரும்பத் திரும்ப ஏடிஏ1 என்ற பெயர் வருகிறது. வாசிப்புக் கட்டளை தோற்றது என்றும், இணைப்பை மீட்டமைக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறது. வட்டு போய்விட்டதா? புதிய கர்னலுக்கு இந்த வட்டு ஒத்துவரவில்லையா?

தொண்டித்துறை:

இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். ஏடிஏ1 என்பது வட்டின் இணைப்பு வாயில். நான் முதலில் எழுதிய கேள்விக்கு இங்கேதான் பயன் வருகிறது: இந்த வரிகள் மேம்படுத்தலுக்கு முன்பு இருந்தனவா? உபுண்டு தன் ஜர்னலை, அதாவது அந்த நிகழ்வுப் பதிவை, வட்டிலேயே சேமித்து வைப்பதால் இதற்கு நினைவாற்றல் தேவையில்லை. 'ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்' கொடுத்தால் பழைய தொடக்கங்கள் தேதியோடு வரும். 22.04 ஓடிய தேதியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் எண்ணை '-பி' தெரிவுக்குக் கொடுத்து, அதே ஏடிஏ1 வரியைத் தேடுங்கள்.

கூடவே, வட்டின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்மோன்டூல்ஸ் பொதியை நிறுவி, 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' கட்டளையை வட்டின் பெயரோடு கொடுத்து, 5, 197, 199 ஆகிய மூன்று பண்புகளின் கடைசி நிரலில் உள்ள எண்களைச் சொல்லுங்கள். முதல் இரண்டும் வட்டின் பரப்பைப் பற்றியவை: மாற்றி ஒதுக்கப்பட்ட துண்டுகள், ஐயத்திற்குரியவையாக நிற்கும் துண்டுகள். மூன்றாவது, வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் வழியில் ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை.

மண்டபம்_கோயில்வாடி:

பார்த்தேன். 22.04 ஓடிய நாட்களிலும் அதே ஏடிஏ1 வரிகள் அங்கங்கே இருக்கின்றன! இப்போதைவிட அரிதாக வருகின்றன, ஆனால் இருக்கின்றன. 5-உம் 197-உம் சுழியம். 199 மட்டும் நூற்றுக்கணக்கில் நிற்கிறது, உறைந்து மீளும்போதெல்லாம் கூடுகிறது.

கீழக்கரையார்:

அப்படியானால் இது என் துறை. தம்பி, கடை எந்தத் திசை பார்த்து இருக்கிறது? கடலைப் பார்த்து வாசல் வைத்து, பெட்டியை வாசலுக்கு நேரே தரையில் வைத்திருப்பீர்கள். நம் கரையில் நான் திறக்கும் பெட்டிகளில் பாதிக்குக் கதை இதுதான். பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். திருகுகளின் தலையில் துரு பூத்திருக்கும். வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் முனையைப் பிடுங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பொன்னிறமாக இருக்கவேண்டிய தொடுபட்டைகளில் மங்கலாகப் பச்சையோ கறுப்போ படிந்திருக்கும். உப்புக்காற்றின் ஈரம் அங்கே தங்கினால் தொடர்பு விட்டு விட்டு வரும். வட்டு நன்றாக இருக்கும், கேபிள்தான் பழுது. 5-உம் 197-உம் சுழியமாக இருந்து 199 மட்டும் ஏறினால் நான் வட்டை விற்கமாட்டேன், கேபிளைத்தான் மாற்றுவேன்.

செய்யவேண்டியது சுருக்கம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் புதிய சாட்டா கேபிள் போடுங்கள். பூட்டுக் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். மதர்போர்டில் வேறொரு சாட்டா வாயில் காலியாக இருந்தால் அதில் செருகுங்கள். வட்டுப் பக்கத் தொடுபட்டைகளைக் கான்டாக்ட் கிளீனர் தெளித்து உலரவிடுங்கள். திறந்த கையோடு ரேம் பட்டையையும் கழற்றி, அதன் முனையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் உள்ளே விழாமல் துடைத்துச் செருகுங்கள். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, வாசற்காற்று நேரே படாத மூலைக்கு மாற்றுங்கள். மாலையில் கடை அடைத்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், துணி போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் சொன்னபடி புதிதாக நிறுவியிருந்தாலும் இந்தக் கேபிள் மாறியிருக்காது, நிறுவும்போதே உறைந்திருக்கும். தொண்டிக்காரர் அந்த இடத்தில் பிடித்த பிடி சரி. ஆனால் கேபிள் சரியாக இருக்கும் பெட்டிக்கு இப்போதும் நான் புது நிறுவலைத்தான் சொல்வேன்.

சாயல்குடி_மாணவன்:

பழைய கோளாறு என்றால், மேம்படுத்திய பிறகுதானே அதிகமாகத் தெரிந்தது? அது ஏன்?

தொண்டித்துறை:

மேம்படுத்தும்போது பல ஜிபி அளவுக்குப் பொதிகள் இறங்கி, விரிந்து, எழுதப்படுகின்றன. அதன்பின் புதிய கோப்புகளுக்கு அட்டவணை போடுவது, தற்காலிகச் சேமிப்புகளைத் திரும்பக் கட்டுவது என்று வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே போக்குவரத்து வழக்கத்தைவிடக் கூடுகிறது. கடைக் கணக்கைத் தட்டும் அன்றாட வேலையில் எப்போதாவது தலைகாட்டிய பிழை அந்தச் சுமையில் அடிக்கடி வந்திருக்கும். காரணம் மேம்படுத்தல்தான் என்று நினைப்பது இயல்புதான், தேதியும் அதோடு பொருந்துகிறது. ஜர்னலில் பழைய தேதி கிடைத்திராவிட்டால் நாமும் கர்னலைத்தான் நோண்டிக்கொண்டிருப்போம்.

மண்டபம்_கோயில்வாடி:

கீழக்கரைக் காக்கா (அண்ணே), நீங்கள் நேரில் வந்து பார்த்தது போலவே சொல்லிவிட்டீர்கள். பெட்டி வாசலுக்கு எதிரே தரையில்தான் இருந்தது. கேபிளின் ஒரு முனையில் இரண்டு பட்டைகள் கறுத்திருந்தன, பின்பக்கத் திருகு ஒன்று துருவேறித் திரும்பவே இல்லை. ராமநாதபுரத்திலிருந்து புதிய கேபிள் வாங்கி வந்து போட்டேன், பெட்டியும் மேசைமேல் ஏறிவிட்டது. அதன்பிறகு உறையவில்லை. பெரிய பெரிய கோப்புகளை வேண்டுமென்றே நகலெடுத்துச் சோதித்தும் 199-இன் எண் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அந்த எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவர வழி உண்டா? கடை முதலாளி அதைப் பார்த்துவிட்டு வட்டை மாற்றச் சொல்கிறார்.

கீழக்கரையார்:

இல்லை, அது வட்டின் ஆயுள் முழுவதற்குமான கூட்டுத்தொகை, குறையாது. இன்றைய எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். ஏறாதவரை வட்டுக்குச் செலவு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். வட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றச் சொன்னால் நியாயம்.

தொண்டித்துறை:

வரைகலை அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிடி 710 கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்தது, 470 வரிசைதான் அதற்குக் கடைசி இயக்கி. உபுண்டு 25.10-இலிருந்து நோம் மேசைத்தளத்தில் எக்ஸார்க் அமர்வே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே நீங்கள் இப்போது சாய்ந்திருக்கும் 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் 24.04-ஓடு முடிகிறது. 24.04-க்கு 2029 வரை வழக்கமான ஆதரவு உண்டு என்பதால் இன்றைக்கு ஆபத்தில்லை. ஆனால் கணக்கு எழுதவும் அச்சடிக்கவும் மட்டுமே பயன்படும் கணினிக்கு அந்த அட்டை எதற்கு? மூன்றாம் தலைமுறை ஐ3-இல் உள்ளேயே இன்டெல் வரைகலை இருக்கிறது. அதன் இயக்கி கர்னலிலேயே வருவதால் டிகேஎம்எஸ் கட்டவேண்டியதில்லை, இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் சிறுத்து /பூட் பகுதியில் இடம் மிஞ்சும். அட்டையைக் கழற்றுவதற்கு முன் என்விடியா பொதிகளை 'பர்ஜ்' செய்து, நூவோ தடைப்பட்டியல் நீங்கியதா என்று பார்த்து, அதன்பின் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் வாயிலுக்கு மாற்றுங்கள்.

மண்டபம்_கோயில்வாடி:

செய்துவிட்டேன். பொதிகளை நீக்கி, அட்டையைக் கழற்றி, மதர்போர்டு எச்டிஎம்ஐ வாயிலில் மானிட்டரைச் செருகினேன். வேலண்ட் அமர்விலும் இப்போது துடிப்பில்லை. /பூட் பகுதியில் பாதிக்குமேல் காலியாக உள்ளது. கழற்றிய அட்டையை யாருக்கேனும் தேவையென்றால் கோயில்வாடிக் கடையில் வந்து வாங்கிக்கொள்ளலாம், விலை வேண்டாம்.

சாயல்குடி_மாணவன்:

எனக்கு வேண்டும் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

தேவிபட்டினத்து_ஆசிரியை:

மடிக்கணினியில் அதைச் செருக முடியாது, தம்பி.